முப்பது மணிக்கு மேல் கணக்கில்லை

மரிவிக் அன்றைக்கு நூலகத்துக்கு ஒரு பெட்டி நிறையச் சம்பளச் சீட்டும் ஒரு தட்டு நூடுல்ஸும் எடுத்துக்கொண்டு போனாள். சீட்டு நோரீன் பார்ப்பதற்கு. நூடுல்ஸ் நோரீன் சாப்பிடுவதற்கு. கையை வீசிக்கொண்டு போய் ஒருவரிடம் உதவி கேட்கிற பழக்கம் அவள் பிறந்த பிலிப்பீன்ஸ் நாட்டு இலோய்லோவில் கிடையாது.

நோரீன் வியாழக்கிழமைதோறும் நகரத்திலிருந்து கார்வெல்லுக்கு வருவாள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு விண்ணப்ப விவரம் சொல்வது அவள் உத்தியோகம். நூலகத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த மேஜை குழந்தைகள் பகுதியில் இருந்தது. நாற்காலிகளும் குழந்தைகளுக்கானவை. ஆகையால் அந்த ஊரில் எல்லோரும் முழங்காலில் மோவாய் இடிக்க உட்கார்ந்துதான் தங்கள் எதிர்காலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

துணைக்கு பெர்லித்தா வந்திருந்தாள். மரிவிக் குடியிருந்த வீட்டில் அவள்தான் மூத்தவள். அதனால் எல்லோருக்கும் மனாங், அதாவது அக்கா. நிரந்தரக் குடியிருப்பு அட்டை வாங்கி நாலு வருஷமான நிம்மதி அவள் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

மரிவிக் நெடுஞ்சாலையோரத்து மோட்டலில் சமையல்காரி. ஒரு வருஷம் சமையல் வேலை பார்த்ததாகக் காட்டினால் அவளும் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷம் என்பதை அரசாங்கம் மணிக்கணக்காகவும் சொல்லியிருந்தது: ஆயிரத்து ஐந்நூற்று அறுபது மணி. மரிவிக் வருஷத்தை விட்டுவிட்டு மணியைப் பிடித்துக்கொண்டாள். செப்டம்பரில் சேர்ந்ததிலிருந்து வாரம் அறுபது மணி அடுப்பு முன்னால் நின்றாள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலாளி வெர்ன் அவளுக்குத்தான் போன் செய்வார். அவளும் ஒருதரம்கூட முடியாது என்று சொன்னதில்லை. இப்போது மார்ச். மணி முடிந்துவிட்டது.

அவசரத்துக்குக் காரணம் ஷாய்ரா. இலோய்லோவில் இருக்கிற ஒரே மகள். தகப்பன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அக்டோபர் முதல் வாரம் ஷாய்ராவுக்கு இருபத்திரண்டு நிறைகிறது. அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் அவள் அம்மாவோடு சேர்ந்த பிள்ளை. அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் யாரோ ஒரு பெண்.

நோரீன் சீட்டுகளைப் பொறுமையாகப் புரட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு நூடுல்ஸைப் பார்த்தாள். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் சாப்பிடலாமா, சொன்ன பிறகு சாப்பிடலாமா என்று யோசிப்பது போல இருந்தது.

"வாரத்துக்கு முப்பது மணிதான் எடுத்துப்பாங்க மரிவிக்."

"நான் அறுபது செஞ்சிருக்கேன் மேடம்."

"தெரியுது. அறுபது செஞ்சாலும் முப்பதுதான். நூறு செஞ்சாலும் முப்பதுதான். நீங்க ஒரு வருஷ வேலைய ஆறு மாசத்துல முடிக்க முடியாது. வருஷம்னா வருஷம்."

"அப்ப மீதி முப்பது என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"சீட்டுல இருக்கே."

"சீட்டுல இருக்கும். சம்பளமும் உங்களுக்குத்தான். அவங்க எண்ண மாட்டாங்க, அவ்வளவுதான்."

மரிவிக் தலையாட்டினாள். கிறிஸ்துமஸ் அன்று பதினாலு மணி நேரம் வான்கோழியோடு நின்றது ஞாபகம் வந்தது. அதில் எந்தப் பாதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, எந்தப் பாதியை விட்டுவிட்டது என்று கேட்கத் தோன்றியது.

பெர்லித்தாதான் வாயைத் திறந்தாள். "ஏன் மேடம், இந்தப் பொண்ணு இனிமே என்ன செய்யணும்?"

நோரீன் விளக்கினாள். இனி வாராவாரம் முப்பது மணி, விடாமல். செப்டம்பர் நடுவில் வருஷம் முடிந்துவிடும். கடிதம், காகிதம் எல்லாம் சேர்க்க ஒரு வாரம். பிறந்தநாளுக்கு முன்னால் மிச்சம் இருப்பது இரண்டே வாரம். காய்ச்சல், பனிப்புயல் எது வந்தாலும் அந்த இரண்டு வாரத்துக்குள்தான் வந்து போக வேண்டும். சமையல் வேலையாகவும் இருக்க வேண்டும். பாத்திரம் கழுவியது, பில் போட்டது எதுவும் சேராது.

சொல்லி முடித்ததும் நோரீன் நூடுல்ஸ் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். மரிவிக் அதற்கும் தலையாட்டினாள்.

*

ரயில்வே தெரு வீட்டில் அவர்களோடு குடியிருந்த மூன்றாவது ஆள் நால்டோ. மோட்டலில் இரண்டாவது சமையல்காரன். மூத்தவன், அதனால் மனோங், அதாவது அண்ணன். துபாயில் பெரிய ஹோட்டலில் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் உலகத்தில் எந்த நாட்டு விசாவைப் பற்றியும் அவனிடம் ஒரு கருத்து இருக்கும். மணி என்றால் மணிதான், சீக்கிரம் செய்து முடி என்று மரிவிக்குக்குச் சொன்னதும் அவன்தான்.

நூலகத்தில் நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்வான் என்று பெர்லித்தா எதிர்பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளா எனக்கு வாரம் இருபது மணிதான் கிடைச்சுது," என்றான் நால்டோ. "நான்தான் வெர்னுக்குப் பிடிக்காத ஆளுன்னு நெனச்சேன். என் மணியெல்லாம் நீ தின்னுருக்க."

"ஆமா மனோங்."

"தின்னது உடம்புல ஒட்டவும் இல்ல."

"இல்ல மனோங்."

"யாருக்காவது ஒட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினான்.

மறுவாரத்திலிருந்து மரிவிக் முப்பதோடு நிறுத்திக்கொள்வதென்றும், மிச்சம் நால்டோவுக்கென்றும் முடிவாயிற்று. முடிவு செய்வது எளிது. வெர்னிடம் சொல்வதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று வெர்ன் கேட்டபோது மரிவிக், பார்க்கிறேன் சார், என்றாள். இலோய்லோவில் பார்க்கிறேன் என்றால் முடியாது என்று கைக்குழந்தைக்கும் தெரியும். வெர்ன் அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். வருவதாக அவர் எடுத்துக்கொண்ட பிறகு வராமல் இருப்பது மரியாதையில்லை என்று மரிவிக் போய் நின்றாள். இப்படி இரண்டு ஞாயிறு போயிற்று. மூன்றாவது ஞாயிறு பெர்லித்தா போனைப் பிடுங்கி, "அவ வரமாட்டா, நால்டோ வருவான்," என்று சொல்லி வைத்துவிட்டாள். வெர்ன், சரி, என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை என்பது மரிவிக்குக்கு வெகுநாள் ஆச்சரியமாக இருந்தது.

நால்டோவுக்கும் வாரம் முப்பதுக்கு மேலேயே கிடைத்தது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மனத்தில் இருக்கிற கடனை வாயால் சொன்னால் அது கடைக்கணக்காகிவிடும் என்பது அவர்கள் வழக்கம். ஆனால் அதன் பிறகு மரிவிக்கின் சைக்கிள் சக்கரத்தில் காற்று குறைந்ததே இல்லை.

*

ஜூலையில் ஒரு மத்தியானம் மோட்டல் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. தீ சின்னதுதான். புகைபோக்கியில் கொஞ்சம் ஏறியது. ஊரின் தொண்டர் தீயணைப்புக்காரர்களுக்கு அந்த வருஷம் வந்த முதல் அழைப்பு அது. ஆர்வமாக வந்தார்கள். தீ தின்றது புகைபோக்கி ஒன்றை. தண்ணீர் தின்றது மற்ற எல்லாவற்றையும். காப்பீட்டு ஆள் வந்து பார்த்து, புது அடுப்பு வந்து, சுகாதாரக்காரர் கையெழுத்துப் போட மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

மூன்று வாரம் என்று கேட்டதும் மரிவிக் மனத்தில் கையிருப்பில் இருந்த இரண்டு வாரத்தைக் கழித்தாள். ஒன்று மிஞ்சியது. அந்த ஒரு வாரம் ஷாய்ரா.

வெர்ன் நல்ல மனுஷன். அறுபது வயது, பேச்சு குறைவு. அடுப்பு அணைந்த மறுநாளே மரிவிக்கைக் கூப்பிட்டார். உன் மணி எதுவும் போகாது, கவலைப்படாதே, சமையலறை திறக்கிற வரைக்கும் மோட்டல் அறைகளைப் பார்த்துக்கொள், அதே சம்பளம், முழு முப்பது, என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு யாரால் மறுக்க முடியும். மரிவிக் நன்றி சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கை விரித்தாள். ஆறு நாள் விரித்தாள். கழிவறை தேய்த்தாள்.

வியாழக்கிழமை நூலகத்துக்குப் போனபோது நோரீன் கேட்டாள். "இந்த வாரம் என்ன வேலை?"

"அறை வேலை மேடம். முழு முப்பது வந்துரும்."

"அது சமையல் மணி இல்லையே மரிவிக்."

"மோட்டல் அதேதான் மேடம். முதலாளியும் அவரேதான்."

"வேலை வேற. கணக்குல சேராது. அதோட உங்க பர்மிட்டுல சமையல்னுதான் இருக்கு. அறை வேலை செய்யவே கூடாது. வெர்ன் நல்லதுன்னு நெனச்சுச் செய்றார். நாளைக்கே நிறுத்தச் சொல்லுங்க."

"நான் சொல்லணுமா?"

"நீங்கதான் சொல்லணும்."

மரிவிக் அன்று சாயங்காலம் ஒரு பெரிய தட்டு பான்சித் செய்தாள். மெல்லிய அரிசி நூடுல்ஸ், முட்டைக்கோஸ், கோழி, மேலே எலுமிச்சை. பிறந்தநாளுக்குச் செய்வது. நூடுல்ஸ் நீளமாக இருந்தால் ஆயுசு நீளம் என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு வெர்னின் வீட்டுக்குப் போனாள்.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவள் ஊரில் ஒரு சங்கடமான விஷயத்தை நேராகச் சொல்வதில்லை. அதைச் சுற்றியிருக்கிற விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் நடுவில் இருப்பதைத் தானே புரிந்துகொண்டு, தானே செய்வதாகச் சொல்லி, கேட்டவளின் முகத்தைக் காப்பாற்றுவார். ஆகவே மரிவிக் வெர்னிடம், மகளுக்கு அக்டோபரில் பிறந்தநாள் என்றாள். நாள் வேகமாக ஓடுகிறது என்றாள். மோட்டலில் இத்தனை படுக்கை இருப்பது இந்த வாரம்தான் தெரிந்தது என்றாள். சமையலறை வாசனை இல்லாமல் கைக்கு என்னவோபோல் இருக்கிறது என்றாள். பிறகு வெகுநேரம் பேசாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல இலோய்லோவில் யாராலும் முடியாது.

வெர்ன் பான்சித்தைச் சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் கேட்டார். இந்தப் பெண் களைத்துப் போயிருக்கிறாள், மகளை நினைத்து ஏங்குகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"அடுத்த வாரம் பூரா லீவு எடுத்துக்க," என்றார். "சம்பளத்தோட."

மரிவிக்குக்குக் கண்ணில் நீர் வந்தது. வெர்ன் அதை நன்றி என்று நினைத்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

*

பெர்லித்தாவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அறை வேலைய நிறுத்தச் சொல்லப் போன."

"ஆமா மனாங்."

"நிறுத்திட்டாரு."

"ஆமா."

"எல்லாத்தையும் நிறுத்திட்டாரு."

"சம்பளம் குடுக்கறாரு மனாங். பாவம்."

"நம்ம ஊர்ல நீ இப்பிடிப் பேசியிருந்தா கல்லுக்குக்கூடப் புரிஞ்சிருக்கும். இந்த ஆளுங்களுக்கு நேராச் சொன்னாலே ரெண்டு தரம் சொல்லணும்." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "இந்த வாரம் போச்சு. வர்ற வாரமும் போச்சு. அதுக்கடுத்த வாரம் போனா என்ன?"

அடுத்த அறையில் அவள் போன் ஒலித்தது. ஷாய்ரா. பிலிப்பீன்ஸில் விடிந்திருக்கும். அன்றைக்கு மரிவிக் எடுக்கவில்லை.

லீவு வாரம் முழுக்க அவள் வீட்டில் சமைத்தாள். மாட்டுவால் குழம்பு வைத்தாள். பன்றிக்கறி அடோபோ வைத்தாள். எல்லாம் நல்ல சமையல்தான். ஒரு மணிகூடக் கணக்கில் சேராது.

நால்டோ இரண்டு தட்டுச் சாப்பிட்டான். "கை நல்லா இருக்கு," என்றான். "அரசாங்கத்துக்குத்தான் குடுத்துவைக்கல."

புதன்கிழமை அவள் கடைக்குப் போகும்போது மோட்டல் வாசல் படியில் ரயில்பாதை ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தண்டவாளம் மாற்ற வந்து ஒரு மாதமாக அங்கேயே தங்கியிருப்பவர்கள். பன்னிரண்டு பேர். சமையலறை எரிந்ததிலிருந்து மூன்று வேளையும் பெட்ரோல் பங்கில் விற்கிற ஹாட் டாக்தான் அவர்களுக்கு. மரிவிக்கைப் பார்த்ததும் ஒருவன், எப்போது திறப்பீர்கள் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் கையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதுல சீஸ் இருக்குன்னு எழுதியிருந்துது," என்றான். "நம்பி வாங்கினேன்."

அங்கிருந்து கடைக்குப் போகிற வழியில் பனிச்சறுக்கு அரங்கம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க ஊரே அதற்குள் ஐஸ் தரைமேல் கனமான கல்லைச் சறுக்க விட்டு விளையாடும். இப்போது ஐஸ் கரைந்து, பூட்டிக் கிடந்தது. மரிவிக் நின்று ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். பந்தயத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைக்கிற சமையலறை. ஆறு அடுப்பு. பெரிய பானைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பெர்லித்தா வெர்னாக உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு. மரிவிக் எதிரில் நின்று சொல்லிப் பழகினாள்.

"சார், வந்து, மகளுக்கு அக்டோபர்ல..."

"லீவு எடுத்துக்க," என்றாள் பெர்லித்தா.

"சார், சமையலறை..."

"ரெண்டு வாரம் எடுத்துக்க."

நாலாவது தடவை மரிவிக் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு லீவு வேணாம்," என்றாள். பெர்லித்தா கையை அவிழ்த்தாள். போ, இதை மறப்பதற்குள் போ, என்றாள். பான்சித் எடுக்காமல் போ என்றும் சொன்னாள்.

*

வெர்ன் மோட்டல் முன்னறையில் குழாய்க்காரனின் பில்லைப் படித்துக்கொண்டிருந்தார். மரிவிக் வெறுங்கையோடு வந்து நின்றதைப் பார்த்ததும் ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்தார்.

"எனக்கு லீவு வேணாம் சார்."

"சம்பளம் உண்டுன்னு சொன்னேனே."

"சம்பளமும் வேணாம். சமையல் வேணும். வர்ற வாரம் முப்பது மணி சமைக்கணும். இல்லேன்னா செப்டம்பர்ல என் வருஷம் முடியாது. முடியலேன்னா என் பொண்ணு வர முடியாது."

ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அவளுக்கே விநோதமாக இருந்தது. வெர்ன் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நான் குடுத்த அறை வேலை?"

"அது சேராது சார்."

"லீவு?"

"அதுவும் சேராது."

"அந்த நூடுல்ஸ் எதுக்கு?"

"இதைச் சொல்றதுக்கு."

"நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன் சார். படுக்கை நிறைய இருக்குன்னு சொன்னேன்."

வெர்ன் அந்த வாக்கியத்தை மறுபடி ஞாபகப்படுத்திப் பார்த்தார். அதில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மரிவிக்."

"ஒருத்தர் நல்லது செய்யறப்ப எப்பிடி சார் வேணாம்னு சொல்றது?"

வெர்ன் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே அவருடைய மோட்டலின் பலகை. அதில் இன்னும் அவர் அப்பாவின் பெயர்தான் இருந்தது.

"எங்கப்பா இதை எனக்குக் குடுத்தப்ப," என்றார், "எனக்கு லாரி ஓட்டணும்னு இருந்துது."

"சொன்னீங்களா சார்?"

"சொல்லல. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு."

பிறகு வெர்ன், சமையல் என்கிறாய், எனக்குச் சமையலறையே இல்லையே, என்றார். மரிவிக் பனிச்சறுக்கு அரங்கத்தைச் சொன்னாள். ரயில்பாதை ஆட்களைச் சொன்னாள். மூன்று வேளை, பன்னிரண்டு பேர். சம்பளச் சீட்டு மோட்டல் பெயரில் இருந்தால் போதும் என்று நோரீனிடம் போனில் கேட்டுவிட்டதையும் சொன்னாள்.

வெர்ன் தொப்பியை எடுத்துக்கொண்டார். "சாவி எட்னாகிட்ட இருக்கு," என்றார். அதை அவர் சொன்ன விதத்தில், அடுப்பு எரிந்ததைவிட இது பெரிய விஷயம் என்று தெரிந்தது.

எட்னாவுக்கு எழுபத்தெட்டு வயது. அரங்கத்துச் சமையலறை அவள் பொறுப்பு. ஒருமுறை யாரோ வறுவல் சட்டியைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனதிலிருந்து சாவியை யாருக்கும் தருவதில்லை. வெர்ன் வாசலில் நின்று வெயிலைப் பற்றிப் பேசினார். கோதுமை எப்படி இருக்கிறது என்று கேட்டார். மரிவிக் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாவி வேணும் மேடம்," என்றாள்.

எட்னா எதற்கு என்றாள். மரிவிக் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாவது தரம் சொல்லும்போது சுலபமாக இருந்தது.

"நாப்பது வருஷமா அங்க சமைக்கறேன்," என்றாள் எட்னா. "எனக்கு எவ்வளவு எண்ணுவாங்க?"

"சம்பளம் வாங்கினீங்களா மேடம்?"

"யாரு குடுத்தா?"

"அப்ப ஒண்ணும் எண்ண மாட்டாங்க மேடம்."

எட்னா தலையாட்டினாள். "என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்," என்று உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். சட்டியைக் கழுவி வை என்று மட்டும் சொன்னாள்.

*

அரங்கத்துச் சமையலறையில் ஒரு ஆளுக்குத்தான் வேலை இருந்தது. அந்த வாரம் நால்டோவுக்கும் சமையல் மணி இல்லை. அவனும் மணி எண்ணுகிறவன்தான். வெர்ன் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். பதினைந்து பதினைந்து என்றால் மரிவிக்குக்கு அந்த வாரம் பாதி வாரம்தான். அவள் நால்டோவைப் பார்த்தாள். நால்டோ இடுப்பில் கை வைத்தான்.

"முதுகு வலி," என்றான். "ஒரு வாரம் நிக்கவே முடியாது."

"இன்னிக்கா வந்துது?" என்றார் வெர்ன்.

"இப்பத்தான்."

அன்று சாயங்காலம் அவன் இரண்டு உருளைக்கிழங்கு மூட்டைகளை ஒன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு அரங்கத்துப் படி ஏறினான். இறக்கி வைத்துவிட்டு மறுபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மரிவிக் அவனுக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நால்டோவுக்குக் காத்துக்கொண்டிருக்கிற பிறந்தநாள் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ரயில்பாதை ஆட்கள் முதல் நாள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். சீஸை நம்பினவன் மூன்று தடவை வந்தான். சனிக்கிழமை மத்தியானம் மரிவிக்கின் முப்பது மணி முடிந்தது. வறுவல் சட்டியை அதற்குப் பிறகுதான் கழுவினாள். அது கணக்கில் சேராதது. எட்னா வந்து விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மற்றக் காகிதங்களை மரிவிக் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தாள்; செப்டம்பர் கடைசியில் வருஷம் முடிந்ததும் வெர்ன் கடிதம் எழுதினார். நோரீன் அதைப் படித்துவிட்டு அவரையே நூலகத்துக்கு வரச் சொன்னாள். அவர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். இப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை, வாரம் அறுபது மணி உழைத்தாள், சமையலறை எரிந்தபோது கழிவறைகூடத் தேய்த்தாள் என்றெல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.

"இதெல்லாம் பாராட்டு," என்றாள் நோரீன்.

"ஆமா."

"பாராட்டு வேணாம். என்ன வேலை, எந்தத் தேதிலேர்ந்து, வாரம் எத்தனை மணி. அந்த ரெண்டு வாரம் சமையல் இல்லைன்னு ஒரு வரி. அறை வேலை ஒரு வாரம், உங்க தப்புன்னு ஒரு வரி. போதும்."

"நல்லவன்னு கூட எழுதக்கூடாதா?"

"அதுக்கு ஒரு கட்டம் இல்ல."

வெர்ன் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஆறு வரி வந்தது. கீழே கையெழுத்துப் போடும்போது மட்டும் கொஞ்சம் அழுத்திப் போட்டார்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தபோது ஷாய்ராவின் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருந்தது. மரிவிக் சமையலறைக்குப் பின்னால், புது அடுப்பு வந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து இலோய்லோவுக்குப் போன் செய்தாள். விஷயத்தை நேராகச் சொன்னாள். அம்மா ஊரை, மழையை, மாமாவின் நாயை எதையும் விசாரிக்காமல் நேராகப் பேசியதில் ஷாய்ரா கொஞ்சம் பயந்துவிட்டாள்.

"கிடைச்சிருச்சா நானாய்?" என்றாள். நானாய் என்றால் அம்மா.

"கிடைக்கல. போய்ச் சேந்துருச்சு. பாக்கறதுக்கு ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம்."

"ஒரு வருஷமா? எனக்கு அடுத்த வாரமே இருபத்திரண்டு ஆயிடுமே."

"பரவால்ல. போய்ச் சேந்த அன்னிக்கு உனக்கு என்ன வயசோ அதுதான் அவங்களுக்கு வயசு."

ஷாய்ரா யோசித்தாள். "அப்ப அவங்க எத்தனை வருஷம் எடுத்துக்கிட்டாலும் அவங்க கணக்குல எனக்கு இருபத்தொண்ணுதானா?"

"ஆமா."

"உனக்கு?"

உள்ளேயிருந்து வெர்ன் கூப்பிட்டார். எட்டுப் பேர் சொல்லாமல் வந்துவிட்டார்களாம், கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டார். அந்த வாரம் மரிவிக்குக்கு முப்பது மணி காலையிலேயே முடிந்திருந்தது.

"எனக்கு ஏறும்," என்றாள் மரிவிக். "வெச்சிடறேன், அடுப்புல வேலை இருக்கு."